சிமோ அண்ணனின் பேட்டரிக் கதவு

"பேட்டரியோட உலைக்குள்ள விட முடியாது. அவ்வளவுதான்," என்றார் நோர்மா மேடம்.

கொன்சிங் அக்கா, சவப்பெட்டிக்குப் பக்கத்து மேஜையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்த நீல நிற வேப் எனும் பேட்டரிச் சிகரெட்டையும், பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்த புருஷனையும், எதிரே நின்ற தகனக் கூடத்து மேலாளர் நோர்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு கேட்டது இது ஒண்ணுதான் மேடம். 'கொன்சிங், நான் போறப்ப ஜெபமாலையை மறந்தாலும் மறந்துக்கோ, என் வேப்பை மறந்துடாதே'ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காரு தெரியுமா?"

"வேப்பை வைங்க, யாரு வேணாம்னா? இரும்பு உருகட்டும், எனக்கென்ன. பேட்டரிதான் கூடாது. முன்னே ஒருத்தர் நெஞ்சுக்குள்ள துடிப்புக் கருவி இருந்ததை வீட்டுக்காரங்க சொல்லாம விட்டுட்டாங்க. உள்ளே டமார்னு வெடிச்சுது. உலை பாத்துக்கிட்டிருந்தவன் அன்னிக்கு ஓடினவன்தான். ஆளு இன்னும் திரும்பி வரலை."

"கழட்ட முடிஞ்சா நானே கழட்டியிருக்க மாட்டேனா? பேட்டரிக் கதவு அசைய மாட்டேங்குதே!"

"பூசை முடிஞ்சதும் பெட்டி உள்ளே போகணும். அதுக்குள்ள கழட்டிட்டா வைங்க. இல்லேன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." போகத் திரும்பியவர் நின்றார். "அவர் மேல வேற ஏதாவது இருக்கா? கடிகாரம், கைபேசி?"

"ஒண்ணுமில்ல. மேல கல்யாணச் சட்டை. கீழ ஞாயித்துக்கிழமை போட்டிருந்த அதே கால்சட்டை. துவைக்கக்கூட இல்ல, அதைத் துவைச்சா அவருக்குக் கோபம் வரும்."

"உடுப்பு மாட்டினது எங்க எல்மர்தானே? அவன் கவனிச்சிருப்பான்," என்று சொல்லிவிட்டு நோர்மா மேடம் போய்விட்டார்.

கொன்சிங் அக்காவுக்கு அழுகை பொங்கியது. பெட்டிக் கண்ணாடியில் கண்ணீர் விழக் கூடாது என்பதால் தள்ளி நின்று அழுதார். அப்போதுதான் பின் வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டிண்டோ எழுந்துவிட்டான்.

பாகோர் ஊரில் டிண்டோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் டிண்டோவுக்கு அப்படி ஒரு நினைப்பு கிடையாது. இந்தச் சாவுக்கூடத்துக்கு நேர் எதிரே அவனுடைய வேப் கடை. 'வேப் டாக்டர்' என்று பெயர்ப்பலகை, அதில் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய அவன் படம். மாடியில் வீடு. வேப் என்று எது கெட்டுப்போனாலும் அதைச் சரிசெய்ய இந்த மாகாணத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவன் கட்சி. யாராவது மறுத்துப் பேசினால் அவர்களுக்கு வேப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதும் அவன் கட்சிதான்.

"குடுங்கக்கா அதை," என்று கையை நீட்டினான். "நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நீங்க அந்தம்மாகிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க!"

"முடியுமா டிண்டோ?"

"முடியுமாவா? இதை என் கையால வித்தவனே நான்தானே! இந்த நீலத்தைப் பாருங்க, மூலையில கழுகைப் பாருங்க. பாகோர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் இந்த மாதிரி இது ஒண்ணுதான். சிமோ அண்ணனுக்குன்னே வரவழைச்சது. நூறு வேப்புக்கு நடுவுல கண்ணைக் கட்டிவிட்டாலும் இதைத் தொட்டே சொல்லிடுவேன்."

பக்கத்து நாற்காலியில் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த அவன் மனைவி மரிவிக் கொறிப்பதை நிறுத்தி, அவனை ஒரு பார்வை பார்த்தாள். டிண்டோ அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவன் வாய் பெரிது என்பது உண்மைதான். ஆனால் சிமோ அண்ணன் விஷயத்தில் அவன் நெஞ்சும் பெரிது. கடை திறந்த புதிதில் ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. அப்போது சிமோ அண்ணன் தான் ஆள் ஏற்றி ஓட்டும் ஜீப்னி வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்துகொண்டு, நாள் முழுக்க வளையம் வளையமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தார். போகிற வருகிறவன் எல்லாம் வேடிக்கை பார்த்தான். அன்று கூடிய கூட்டம்தான் இன்றைக்கும் டிண்டோவுக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்ட மனிதர் வெறுங்கையோடு போவதா? தன் கண்ணெதிரே, தன் கடைக்கு எதிரிலேயே?

"கடைக்குப் போயி ஒரு நிமிஷத்துல கழட்டிட்டு வந்துடறேன்," என்று வாசலை நோக்கி நடந்தான்.

"எங்கடா எடுத்துட்டுப் போறே?" பெட்ரா அத்தை குறுக்கே வந்து நின்றார். சிமோ அண்ணனின் அக்கா. சாவு வீட்டுச் சாத்திரம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. "செத்தவன் சாமான், செத்தவன் கிளம்புறதுக்கு முன்னாடி வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டினா அடுத்த சாவு அது போய்ச் சேர்ற வீட்டுலதான்!"

"அப்ப வேணவே வேணாம்," என்றாள் மரிவிக். "கடைக்கு மேலதான் நாம குடியிருக்கோம்."

"சரி, வேப் இங்கயே இருக்கட்டும். நான் மட்டும் ஓடிப்போயி சாமானை எடுத்துட்டு…"

"சாவுக்கு வந்தவன் நேரா தன் வீட்டுக்குப் போகலாமா? வேற எங்கயாவது போயி உக்காந்து, ஒரு வாய் காப்பியாவது குடிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கணும். இல்லேன்னா செத்தவனும் கூடவே வந்துடுவான்."

"எதிர்க் கடைக்குப் போக நான் ஊரைச் சுத்தணுமா?"

"சுத்து. யாரு வேணாம்னா? பூசை முடிஞ்சு பெட்டி போனப்புறம் வந்து சேரு."

டிண்டோ சட்டைக் கையை மடித்துவிட்டான். "எனக்குச் சாமானே வேணாம். இந்தக் கட்டைவிரல் போதும்."

கூட்டம் கூடிவிட்டது. கடைசி வரிசையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஜீப்னிக்காரர்களும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள். டிண்டோ கட்டைவிரலைக் கதவின் மேல் வைத்து அழுத்திக் கீழ்நோக்கித் தள்ளினான். கதவு அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளினான். நகம் படக்கென்று உடைந்தது.

"போதுமாம் கட்டைவிரல்!" என்றார் ஒரு ஜீப்னிக்காரர்.

"சும்மா இருப்பா! நோயைத் தெரிஞ்சுக்காம மருந்து குடுக்க முடியுமா?" டிண்டோ விரலைச் சப்பிக்கொண்டே வேப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "இதோ பாருங்க, இந்தக் கதவு ரெண்டு பக்கமும் காடியில சறுக்கி ஓடணும். மேலேருந்து, புகைக்கு ஊத்துற தித்திப்புத் தண்ணி கசிஞ்சு காடியில இறங்கியிருக்கு. அதுல பையில இருக்கிற பஞ்சும் தூசும் சேர்ந்து பாகு மாதிரி இறுகிப்போச்சு. சிமோ அண்ணே, வாரா வாரம் துடைக்கணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

பெட்டிக்குள் இருந்தவர் பதில் சொல்லவில்லை.

"இறுகின கதவுக்கு எண்ணெய்தானே மருந்து?" என்றார் பெட்ரா அத்தை.

"ஐயோ, எண்ணெய் மட்டும் கூடவே கூடாது அத்தை! அது தூசியை இன்னும்…"

சொல்லி முடிப்பதற்குள் அத்தை தன் பையிலிருந்த தேங்காயெண்ணெய்க் குப்பியைத் திறந்து அப்படியே கவிழ்த்துவிட்டார். முழங்கால் வலிக்குத் தடவிக்கொள்கிற எண்ணெய். வேப், டிண்டோவின் கை, சட்டை, மரிவிக்கின் மடி என எல்லாம் எண்ணெய்.

"இப்ப தள்ளு," என்றார் அத்தை, கடமை முடிந்த நிம்மதியில்.

டிண்டோ தள்ளினான். கதவு நகரவில்லை, வேப்தான் நகர்ந்தது. எண்ணெய்க் கையிலிருந்து விலாங்குமீன் மாதிரி வழுக்கிப் பறந்துபோய், பெட்டிக் கண்ணாடியில் 'டணங்' என்று விழுந்து, சிமோ அண்ணனின் மூக்குக்கு நேர் மேலே போய் நின்றது.

கூடமே மூச்சை நிறுத்தியது. கண்ணாடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தாலே ஆகாது என்கிற ஊர். அங்கே எண்ணெயில் குளித்த வேப் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று பெட்ரா அத்தைக்கே தெரியவில்லை. பொதுவாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேப்பின் கதவில் மட்டும் ஒரு மூலை நசுங்கி உள்ளே போயிருந்தது. முதலில் ஒட்டிக்கொண்டிருந்த கதவு இப்போது ஒட்டியும், நசுங்கியும், வழுக்கியும் இருந்தது.

"டாக்டர் கைபட்டதும் நோயாளி தேறிட்டாரு," என்றார் அதே ஜீப்னிக்காரர்.

டிண்டோவுக்குக் காது சிவந்தது. "சூடு காட்டணும். இளஞ்சூட்டுல பாகு இளகும். ஹேர் டிரையர் வேணும்."

அந்த நேரத்தில் எல்மர் உள்ளே வந்தான். அந்தக் கூடத்தில் சவங்களுக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, உடை மாட்டுகிறவன். தொந்தியும் சாந்தமுமான நடுத்தர வயதுக்காரன். உயிரோடு இருப்பவர்களிடம் பேசிப் பழக்கம் குறைவு என்பதால் குரல் எழும்பாது. சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். முதுகுகள்தான் தெரிந்தன.

"டிண்டோ அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும்…"

"எல்மர்! நல்ல நேரத்துல வந்தே. உன்கிட்ட ஹேர் டிரையர் இருக்கும்ல? ஓடு, எடுத்துட்டு வா."

"தரேன்ணே. அதுக்கு முன்னாடி ஒண்ணு…"

"அப்புறம் கேளுப்பா! இங்க ஒரு மனுஷனோட கடைசி ஆசை தொங்கிக்கிட்டு நிக்குது!"

எல்மர் போய் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தான். அது யார் யார் தலையைக் காயவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதைக் கைமாற்றி வாங்க ஆளுக்கு ஆள் தயங்க, கடைசியில் பெட்ரா அத்தைதான் வாங்கினார். எல்மர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கூடத்திலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். பையைத் தட்டிக்கொண்டே போனான்.

"தள்ளிப் பிடிங்க அத்தை. பேட்டரி உள்ள இருக்கு. ரொம்பச் சூடு ஆகாது. முதல்ல சின்ன வேகம்."

அத்தைக்கு வாழ்க்கையில் சின்ன வேகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பொத்தானை ஒரேயடியாக மேலே தள்ளினார். 'விர்ர்' என்று ஒரு சத்தம். உடனே 'பட்' என்று இன்னொரு சத்தம். விளக்குகள் அணைந்தன. விசிறிகள் நின்றன. முன்வரிசையில் ஒலிபெருக்கியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் குரல் 'அருள் நிறைந்த' என்பதோடு அறுந்தது. தடித்த திரைச்சீலைகளுக்கு நடுவே மெழுகுவத்திகள் மட்டும் எரிந்தன.

அந்த இருட்டில் டிண்டோவின் எண்ணெய் விரல் வழுக்கி வேப்பின் பொத்தானில் பட்டது. பட்டு, அங்கேயே இருந்துவிட்டது.

பெட்டிக்கு மேலே வெள்ளையாக ஒரு புகை எழும்பியது. மெதுவாகச் சுருண்டு, சிமோ அண்ணனின் முகத்துக்கு மேலே வந்து நின்றது.

"சிமோ!" என்று அலறினார் பெட்ரா அத்தை. "வந்துட்டான்! என் தம்பி வந்துட்டான்!"

ஜெபமாலைப் பெண்கள் கிடைத்த பக்கமெல்லாம் ஓடினார்கள். சீட்டாட்டக்காரர் ஒருவர் மேஜைக்குக் கீழே போய்விட்டார். அவர்தான் இவ்வளவு நேரமும் நக்கலடித்துக்கொண்டிருந்தவர்.

"பயப்படாதீங்க, நான்தான், நான்தான்!" என்று கத்தினான் டிண்டோ. யாரோ மின்சாரத்தைச் சரிசெய்தார்கள். விளக்கு வந்தது.

கொன்சிங் அக்கா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. மூக்கை உறிஞ்சினார். "மாம்பழ வாசனை அடிக்குதே?"

"ஆமாக்கா, மாம்பழம்தான். நல்ல சரக்கு."

"அவருக்கு மாம்பழம் ஆகாதே டிண்டோ. புதினாதானே இழுப்பாரு?"

"கடைசிக் காலத்துல வாய்க்கு ருசி மாறும்க்கா," என்றான் டிண்டோ பெரிய டாக்டர் போல. "எவ்வளவு பேரைப் பாத்திருக்கேன்."

மரிவிக் அவன் சட்டையை இழுத்தாள். "ஏங்க, போதும். முடியலைன்னு சொல்லிடுங்க. இதுல என்ன வெக்கம்?"

"வெக்கமா?" டிண்டோ பெட்டியைக் கைகாட்டினான். "எனக்கு வெக்கம்னு நினைச்சியா? இந்த மனுஷன் இல்லேன்னா அந்தக் கடை ஏது, மாடியில வீடு ஏது? அவர் பெட்டியில ஒரு பொருளை வைக்க முடியலைன்னா நான் டாக்டர்னு பலகை மாட்டிக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கேன்? இன்னிக்கே கழட்டி எறிஞ்சிடறேன் அந்தப் பலகையை!"

மரிவிக் தன் கைப்பையைத் துழாவி, காது குடையும் பஞ்சுக் குச்சிப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

டிண்டோவின் முகம் மலர்ந்தது. "இது! இதைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். இனி ஸ்பிரிட் வேணும், ஸ்பிரிட். பாகைக் கரைக்க அது ஒண்ணாலதான் முடியும்."

எல்மரிடம் ஸ்பிரிட் இருக்கும். ஆனால் எல்மர் பக்கத்துக் கூடத்தில் இருந்தான். மேஜைக்கடியில் இருந்த ஜீப்னிக்காரர் மெதுவாகத் தலையை நீட்டி, கையிலிருந்த ஜின் குப்பியையும் நீட்டினார்.

"இது ஆகுமா?"

டிண்டோ வாங்கி முகர்ந்தான். ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தான். "ஆகும்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் வைத்தியம். முதலில் எண்ணெயை ஒட்டத் துடைத்தான். பஞ்சுக் குச்சியை ஜின்னில் நனைத்து, காடியின் ஓரமாக மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று ஓட்டினான். குச்சி பழுப்பாக வந்தது. அடுத்த குச்சி. அதுவும் பழுப்பு. கூட்டம் சத்தம் அடங்கிப் பார்த்தது. டிண்டோவுக்கு உற்சாகம் பிறந்து பிரசங்கம் தொடங்கினான்.

"எல்லாரும் பாத்துக்கோங்க! வாரம் ஒரு தடவை பேட்டரியை எடுத்து வெச்சிட்டு, இந்த மாதிரி காடியைத் துடைக்கணும். காஞ்சப்புறம்தான் பேட்டரியைத் திரும்பப் போடணும். எண்ணெய் கூடாது. கத்தி, திருப்புளி எதையும் விட்டு நெம்பக் கூடாது. உள்ள பேட்டரியில குத்திச்சுன்னா அவ்வளவுதான். பொறுமை வேணும். கதவுன்னா அதுகிட்ட கெஞ்சணும், அதட்டக் கூடாது."

"இத்தனை நேரம் நீ அதட்டலையா?" என்று கேட்டார் ஜீப்னிக்காரர், இரண்டாவது மடக்கைக் குடித்துக்கொண்டே.

அந்தச் சமயம் பாதிரியார் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். தேங்காயெண்ணெய், மாம்பழம், ஜின் மூன்றும் கலந்த ஒரு வாசனை அவரை வரவேற்றது.

"இங்க என்ன நடக்குது?"

"பூசைக்குத்தான் காத்திருக்கோம் ஃபாதர்," என்றார் கொன்சிங் அக்கா.

பூசை ஆரம்பமானது. டிண்டோ கடைசி வரிசைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டான். தூரத்திலிருந்து பார்த்தால் துக்கம் தாங்காதவன் மாதிரிதான் தெரிந்தது. நசுங்கிய மூலையை ஒரு பல்குத்தும் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினான். ஒவ்வொரு 'ஆமென்'னுக்கும் ஒரு தள்ளு தள்ளினான். கதவு முதல் ஆமென்னில் ஒரு மயிரிழை நகர்ந்தது. அடுத்ததில் இன்னொரு மயிரிழை நகர்ந்தது.

பாதிரியார் பேசி முடித்து, எல்லோரும் மௌனமாக ஒரு கணம் பிரார்த்திக்கச் சொன்னார். கூடம் அமைதியானது. அந்த அமைதியில் 'டக்' என்று ஒரு சத்தம். கதவு காடியை விட்டு முழுசாகக் கழன்று, துள்ளி, நாற்காலிகளுக்கு அடியில் எங்கேயோ போய் விழுந்தது.

"கதவு போச்சு!" என்று கிசுகிசுத்தான் டிண்டோ.

"துடைப்பத்தை எடு," என்றார் ஜீப்னிக்காரர்.

"மூச்! சாவுக்கூடத்துல கூட்டினா குடும்பத்தையே கூட்டிட்டுப் போயிடும்!" என்று முன்வரிசையிலிருந்து வந்தது பெட்ரா அத்தையின் குரல்.

வேறு வழியில்லை. பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக முழங்காலிட்டார்கள். குனிந்தார்கள். நெற்றி தரையில் படும்படி தடவித் தேடினார்கள். வரிசை வரிசையாக அது முன்னால் பரவியது. கொஞ்ச நேரத்தில் கூடமே தரையில் கிடந்தது.

பாதிரியார் கண் திறந்து பார்த்தார். பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பங்குக் கோவிலுக்கு வந்ததுலேருந்து இப்படி ஒரு பக்தியை நான் பாத்ததே இல்ல," என்றார். "நம்ம சிமோ கொடுத்து வெச்ச மனுஷன்."

கதவைக் கண்டெடுத்தது மரிவிக். எழுந்தவள் அதை ரகசியமாகத் தன் புருஷன் கையில் வைத்து, அந்தக் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

டிண்டோ பேட்டரியை வெளியே எடுத்தான். அதைச் சுற்றி உடம்பு நிறத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உறை கிழிந்ததை மறைக்க யாரோ சுற்றிய சுற்று. அதன் ஓரம் பிரிந்து காடிக்குள் மடங்கியிருந்தது. கதவைப் பிடித்துவைத்திருந்த ஆசாமி இதுதான்.

"அண்ணே, அண்ணே," என்று பெட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "உறை கிழிஞ்சா என்கிட்ட வரக் கூடாதா? புது உறை போட்டுத் தந்திருப்பேனே. பேட்டரிக்குப் போயி யாராவது பிளாஸ்திரி ஒட்டுவாங்களா?"

"அவருக்குப் பிளாஸ்திரியே ஆகாது," என்றார் கொன்சிங் அக்கா. "அரிக்கும்னு காயத்துக்கே ஒட்ட மாட்டாரு."

"அரிக்கும்னுதான் தனக்கு ஒட்டாம பேட்டரிக்கு ஒட்டியிருக்காரு." டிண்டோவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

கதவைத் துடைத்து, காடியில் பொருத்தி, ஒற்றை விரலால் தள்ளினான். 'சர்ர்' என்று ஓடி மூடிக்கொண்டது. திறந்தான். மூடினான். தேவையே இல்லாமல் இன்னும் பல தடவை திறந்து மூடினான். எல்லோரும் பார்த்தார்கள் என்று உறுதியான பிறகு, கொன்சிங் அக்காவின் கையில் கொடுத்தான்.

அக்கா அதை வாங்கி, பெட்டிக் கண்ணாடியைத் தூக்கி, புருஷனின் கை விரல்களுக்கு நடுவே வைத்தார். டிண்டோவின் பக்கம் திரும்பினார். உதடு துடித்தது. ஆனால் சாவு வீட்டில் யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது. டிண்டோவுக்கும் அது தெரியும். தெரிந்தும் காத்துக்கொண்டு நின்றான். அக்கா அவன் தோளில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். அவ்வளவுதான். டிண்டோவுக்கு அது போதும். மாகாண ஆளுநர் வந்து மாலை போட்டிருந்தால்கூட நெஞ்சு அப்படி விரிந்திருக்காது.

பெட்டியைத் தகன அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டிண்டோ எல்லோருக்கும் முன்னால், பேட்டரியைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நடந்தான். நடைவழியில் எல்மர் மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொண்டான்.

"அண்ணே, சிமோ அண்ணனோட வேப்புல பேட்டரி இருக்கு, அதை…"

"எடுத்தாச்சு எல்மர், எடுத்தாச்சு! ஊரே பாத்துச்சு, உனக்குத்தான் குடுத்துவைக்கலை."

"எடுத்துட்டீங்களா? நல்லவேளைண்ணே. அதைச் சொல்லத்தான் காலையிலேருந்து அலையறேன். இன்னொண்ணும் கேக்கணும்…"

"அப்புறம், அப்புறம்!"

நோர்மா மேடம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வேப்பின் கதவைத் திறந்து, உள்ளே காலியாக இருப்பதைப் பார்த்தார். "பரவாயில்லையே," என்றார். டிண்டோ பணிவாகத் தலை குனிந்தான். குனிய அவன் பட்ட சிரமம் அவனுக்குத்தான் தெரியும்.

பெட்டி உள்ளே போனது. இரும்புக் கதவு மூடியது. எல்லோரும் வெளியே ஒரு மரம்கூட இல்லாத அந்த முற்றத்தில் நின்றார்கள். டிண்டோ ஜீப்னிக்காரர்களுக்குக் கதவின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். கட்டைவிரல் நகம் உடைந்த இடத்தைத் தாண்டி, எண்ணெய்க் கட்டத்துக்கு வந்திருந்தான்.

உள்ளே, "டமார்!"

புறாக்கள் கூரையிலிருந்து கலைந்து பறந்தன. கொன்சிங் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நோர்மா மேடம் வெளியே பாய்ந்து வந்தார்.

"பேட்டரியைக் கழட்டிட்டேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்!" டிண்டோ கையை உயர்த்தினான். "இதோ இருக்கு பேட்டரி! என் கையால எடுத்தது! நீங்களே பாத்தீங்களே மேடம்!"

"அப்ப உள்ள வெடிச்சது என்ன, உங்க அண்ணனா?"

யாரும் எதிர்பார்க்கவில்லை, கொன்சிங் அக்கா சிரித்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அவரேதான் மேடம்! அவரு ஜீப்பு கிளம்புறப்ப இப்படித்தான் ஒரு வெடிச் சத்தம் போடும், தெருவே எழுந்துக்கும். எம் புருஷன் சத்தமில்லாம எங்க போயிருக்காரு?" ஜீப்னிக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவர் வாயாலேயே ஹாரன் அடித்தார்.

"உலைக்கு ஒண்ணும் ஆகலை, அதுவரைக்கும் பொழைச்சீங்க," என்று நோர்மா மேடம் முணுமுணுத்தார். "ஆனா வெடிச்சது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

எல்மர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, டிண்டோவின் கையிலிருந்த பேட்டரியை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, இந்தப் பிளாஸ்திரி நான் ஒட்டினதாச்சே. காலையில அவருக்குத் தலைவாரறப்ப என் வேப்பைப் பெட்டிப் பக்கத்து மேஜையில வெச்சேன். அதைக் காணோம்னுதான் உங்களையெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"உளறாதே! அது சிமோ அண்ணனோடது."

"அவரோடது அவரு கால்சட்டைப் பையிலயே இருந்துச்சே. செத்தவங்க பையில இருக்கிறதை நாங்க தொடுறதில்ல, வீட்டுக்காரங்கதான் எடுக்கணும். நீங்க எடுத்துட்டேன்னு சொன்னீங்களேன்னு நானும் விட்டுட்டேன்."

மரிவிக் கொறிப்பதை நிறுத்தினாள்.

"அதெப்படி எல்மர்?" டிண்டோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீலம்… மூலையில கழுகு…"

"நானும் அதாண்ணே அசந்துட்டேன்," என்றான் எல்மர், வெள்ளை மனதோடு. "பாகோர்லயே இது ஒண்ணுதான்னு சொல்லித்தானே எனக்கும் வித்தீங்க?"